கெய்ரோவின் கலைப் பீடமும் இரு தன்வரலாறுகளும்

டாக்டர் தாஹா ஹுசைன் (1889-1973) என்ற பெயரைக் கேட்டதும் நம் உலமாப் பெருமக்களில் சிலர் முகம் சுளிப்பர். நவீன அரபி இலக்கியம் கற்றோரில் சிலர் முகம் மலர்வர். ஒரு சாராருக்கு அவர் முஸ்தஷ்ரிக்குகள் எனப்படும் கீழைத்தேயவியலாரின் எதிரொலி. மறு சாராருக்கு, பார்வையின்மையை வென்று கல்வியமைச்சர் பதவிவரை உயர்ந்த சாதனையாளர். இரு சாராரும் அவரைத் தனிமனிதராகவே காண்கின்றனர். அவர் பயின்று, பயிற்றுவித்து, தலைமையேற்று, வெளியேற்றப்பட்டு, மீண்டும் திரும்பிவந்த கெய்ரோப் பல்கலைக்கழகக் கலைப் பீடத்தை (குல்லிய்யத்துல் ஆதாப்) எவரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அப்பீடத்தினுள், குறிப்பாக அதன் அரபித் துறையினுள், என்ன வகையான வாழ்க்கை நடந்தது, அதனால் விளைந்தது என்ன என்று கேட்பதே தனிமனிதரைப் புகழ்வதினும் இகழ்வதினும் பயனுள்ளது என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. இதற்கு அப்பீடத்தார் இருவரின் தன்வரலாறுகள் நமக்கு வாயிலாகின்றன. ஒன்று தாஹா ஹுசைனின் 'அல்அய்யாம்' (நாட்கள்) மூன்றாம் பாகம். மற்றது அஹ்மத் அமீனின் 'ஹயாதீ' (என் வாழ்க்கை).

நம் நாட்டில் அரபி முதுகலை பயில்வோர் பெரும்பாலும் அல்அய்யாமின் முதற்பாகத்தோடு நின்றுவிடுகின்றனர். 1926-27இல் 'அல்ஹிலால்' இதழில் தொடராக வந்த அப்பாகம் கிராமத்துக் குர்ஆன் பள்ளியைச் சித்தரிக்கிறது. இரண்டாம் பாகம் அல்அஸ்ஹரைச் சொல்கிறது. பல்லாண்டு இடைவெளிக்குப் பின் எழுதப்பட்டு, 1967இல் பெய்ரூத்தில் நினைவுக் குறிப்புகள் என்ற பெயரில் நூலாகி, பின்னரே அல்அய்யாமின் வரிசையில் சேர்ந்த மூன்றாம் பாகத்தில்தான் பல்கலைக்கழகம் வருகிறது.

1908 டிசம்பரில் தனியார் முயற்சியாக எகிப்தியப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது தாஹா ஹுசைன் அல்அஸ்ஹர் மாணவர். பகலில் அல்அஸ்ஹரின் பாடமும் மாலையில் பல்கலைக்கழகத்தின் விரிவுரையுமாக அவருடைய நாட்கள் கழிந்தன. அங்கே அவர் கேட்ட முதல் விரிவுரை இஸ்லாமிய நாகரிகம் பற்றி அஹ்மத் ஸகீ நிகழ்த்தியது. அக்காட்சியை விவரிக்குமிடம் மத்ரஸாவில் ஓதிய எவரையும் சற்று நிறுத்திவைக்கும். அல்அஸ்ஹரின் ஷைகு, நூலாசிரியருக்கு ரஹ்மத் வேண்டி, 'கால முஸன்னிஃபு' என்று மூலத்தை எடுத்து, அதன் ஷரஹையும் ஷரஹின் ஓரக்குறிப்பையும் விரித்துச் செல்வார். பேச்சு நூலை நோக்கியது. மாணவன் அதைப் பக்கத்திலிருந்து செவிமடுப்பவன். புதிய விரிவுரையாளரோ அவையோரை விளித்து, அவர்களுக்கு ஸலாம் கூறி, அவர்களை நோக்கியே பேசத் தொடங்கினார். அவருக்கு முன்னே மூலநூல் ஏதும் இல்லை. இச்சிறு வேறுபாடு அவ்விளைஞரைத் திகைக்கவைத்தது.

தாஹா ஹுசைன் இதைப் பழமை தோற்றுப் புதுமை வென்ற தருணமாகக் காட்டுகிறார். ஆனால் அதே பாகத்தைத் தொடர்ந்து படித்துச் செல்பவர் வேறொன்றையும் காண்பர். இத்தாலிய அறிஞர் நல்லினோ அரபி இலக்கிய வரலாற்றையும், ஜெர்மானியர் லிட்மான் ஸாமிய மொழிகளையும் கற்பித்தபோது, அவர்களை ஆழ்ந்து பின்தொடரும் ஆற்றலை அவருக்குத் தந்தது எது? ஒரு சொல்லின் இஃராபுக்காக அரைநாள் வாதாடும் அல்அஸ்ஹரின் பயிற்சியே. 1914இல் அபுல் அலா அல்மஅர்ரீ பற்றிய ஆய்வுக்காக அப்பல்கலைக்கழகத்தின் முதல் டாக்டர் பட்டத்தை அவர் பெற்றார். அவ்வாய்வின் சொல்நுணுக்கத்தில், அவர் மனங்கசந்து பிரிந்த அல்அஸ்ஹர் தெளிவாகத் தெரிகிறது. இக்கடனை மூன்றாம் பாகம் போதிய அளவு ஒப்புக்கொள்ளவில்லை என்பது அதன் மீது வைக்கத்தக்க முதற்குறை.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. அந்நூலில் பல்கலைக்கழகம் என்பது நாயகன் கடந்துசெல்லும் வழியாகவே இருக்கிறது. மான்பெல்லியே, பாரிஸ், அவருக்குப் படித்துக்காட்டிய குரலாக அறிமுகமாகி 1917இல் துணைவியான ஸுஸான், எமில் துர்கைமின் மேற்பார்வையில் தொடங்கி 1918 தொடக்கத்தில் முடிந்த இப்னு கல்தூன் ஆய்வு, 1919இல் தாயகம் திரும்பிப் பண்டைய கிரேக்க, ரோம வரலாறு கற்பித்தமை ஆகிய அனைத்தும் அழகாகச் சொல்லப்படுகின்றன. உரைநடையில் அவர் காலத்தில் அவருக்கு இணையானோர் சிலரே. ஆனால் உடன் பணியாற்றியோர் நிழல்களாகவே தோன்றுகின்றனர். மேலும், துறையின் வாழ்க்கை உண்மையில் தொடங்குமிடத்தை, அதாவது பல்கலைக்கழகம் அரசுடைமையாகி அவர் அரபி இலக்கியப் பேராசிரியரான 1925ஐயும், அதையடுத்த பெரும்புயலையும் நெருங்குமுன் நூல் நின்றுவிடுகிறது. தன்னைப் பற்றி மூன்று பாகங்கள் எழுதியவர், தாம் உருவாக்கிய துறையைப் பற்றி ஒரு பாகம் எழுதாமற் போனது அரபி இலக்கியத்திற்கு இழப்பே.

இவ்விடைவெளியை நிரப்புவது 1950இல் வெளிவந்த ஹயாதீ. அஹ்மத் அமீன் (1886-1954) ஷரீஅத் நீதிபதிகளை உருவாக்கும் கல்லூரியில் பயின்றவர், காழியாகப் பணிபுரிந்தவர். 1926இல் தாஹா ஹுசைனின் அழைப்பின்பேரில் கலைப் பீடத்தில் சேர்ந்தார். தலைப்பாகையைக் களைந்து கோட்டு அணிந்ததில் தொடங்கி, பாடநூலை ஒப்புவிக்கும் ஆசிரியர் ஆய்வாளராக மாறவேண்டியிருந்ததுவரை யாவற்றையும் அலங்காரமின்றிச் சொல்லிச் செல்கிறார். அல்அய்யாமின் இசை இந்நூலில் இல்லை. சில பக்கங்கள் அலுவலகக் குறிப்பேடு போல வறண்டும் கிடக்கின்றன. ஆயினும் ஒரு துறை எவ்வாறு இயங்குகிறது, சக ஆசிரியர்களின் கூட்டு எவ்வாறு நூலாகிறது, நட்பு எவ்வாறு பதவியால் விரிசலுறுகிறது என்பவற்றை அறிய விரும்புவோர் ஹயாதீயையே நாடவேண்டும். கலையில் அல்அய்யாம் உயர்ந்தது. சாட்சியத்தில் ஹயாதீ நம்பகமானது.

அக்கூட்டுமுயற்சிகளுள் ஒன்று தனியே குறிக்கத்தக்கது. இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க நூற்றாண்டுகளை மூவர் பகிர்ந்துகொண்டு எழுதுவதெனத் திட்டமிட்டனர். இலக்கியம் தாஹா ஹுசைனுக்கு, அரசியல் வரலாறு அப்துல் ஹமீத் அல்அப்பாதீக்கு, அறிவு வாழ்க்கை அஹ்மத் அமீனுக்கு. முன்னிருவரின் பங்கு திட்டமிட்டவாறு நிறைவேறவில்லை. காழியாக இருந்தவர் மட்டும் நாள்தோறும் அமர்ந்து எழுதினார். 'ஃபஜ்ருல் இஸ்லாம்', 'ழுஹல் இஸ்லாம்', 'ழுஹ்ருல் இஸ்லாம்' என வைகறை, முற்பகல், நண்பகல் என்ற பெயர்களில் அத்தொடர் வளர்ந்தது. ஹதீஸ் பற்றிய பகுதிகளில் அவர் கொண்ட முடிவுகளை நம் அறிஞர்கள் கடுமையாக மறுத்துள்ளனர், அம்மறுப்பில் நியாயமுண்டு. எனினும் முஅதஸிலாக்களையும் மொழிபெயர்ப்பு இயக்கத்தையும் ஃபிக்ஹின் வளர்ச்சியையும் ஒரே ஓட்டத்தில் வைத்துக் காட்டிய அத்தகைய நூல் அரபியில் அதற்கு முன் எளிதில் காணக்கிடைக்காதது. 1939இல் பீடத் தலைவரான இவர், 1948இல் கௌரவமாக வழங்கப்படும்வரை டாக்டர் பட்டம் இல்லாதவராகவே இருந்தார் என்பது பட்டங்களின் பின்னே ஓடும் இக்காலத்தில் நினைக்கத்தக்கது.

மெய்யியல் துறையின் கதை வேறு. 1927இல் அங்கே வந்த ஷைகு முஸ்தஃபா அப்துர் ராஸிக் அல்அஸ்ஹரின் ஆலிம், பிரான்சிலும் பயின்றவர். இஸ்லாமிய மெய்யியல் என்பது அரபி உடையணிந்த கிரேக்கச் சிந்தனையே என்று ஐரோப்பிய அறிஞர் பலர் சொல்லிவந்த காலம் அது. அல்ஃபாராபீயையும் இப்னு ஸீனாவையும் முன்னிறுத்தி வாதாடுவதே வழக்கமான பதிலாக இருந்தது. இவரோ வேறு திசையில் விரலை நீட்டினார். முஸ்லிம்களின் சுயமான மெய்யியல் சிந்தனையைக் காணவேண்டிய இடம் உஸூலுல் ஃபிக்ஹ். அதன் தொடக்கம் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் 'அர்ரிஸாலா' என்றார். 1944இல் வெளிவந்த அவருடைய 'தம்ஹீத்' இவ்வாதத்தை நிறுவுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் வளர்ந்து, ஜம்உல் ஜவாமிஃ போன்ற உஸூல் நூல்களைத் தேர்வுக்கு மட்டும் ஓதிக் கடக்கும் நம் மாணவர்களுக்கு, தாம் கையில் வைத்திருப்பது ஒரு மெய்யியல் மரபு என்று சொல்லித்தர இந்நூலைவிடப் பொருத்தமானது வேறில்லை. அவர் 1945இல் ஷைகுல் அஸ்ஹராக நியமிக்கப்பட்டு, 1947இல் காலமாகும்வரை அப்பொறுப்பிலிருந்தார். அவருடைய வகுப்பறையிலிருந்து அலீ ஸாமீ அந்நஷ்ஷார் போன்ற ஆய்வாளர்கள் உருவாயினர். 1934இல் அத்துறையில் பட்டம் பெற்று, அவரிடமே முதுகலை ஆய்வைத் தொடங்கி, பின்பு அதைக் கைவிட்டுக் கதை எழுதச் சென்ற ஒருவரும் உண்டு. அவர் நஜீப் மஹ்ஃபூஸ்.

சமூகவியல் வெளிநாட்டாரை அதிகம் நம்பியிருந்தது. 1932 முதல் 1934 வரை இவான்ஸ்-பிரிட்சர்டு அங்கே பேராசிரியர். அவருக்குப்பின் வந்த ஹோகார்ட், அதற்குமுன் இலங்கையின் தொல்பொருள் ஆணையாளராக இருந்தவர். கெய்ரோவில் பணியாற்றிய காலத்திலேயே 1939இல் மறைந்தார். இலங்கை வாசகர்கள் அவரை அநுராதபுரத்தோடு இணைத்தே அறிவர். உலகறிந்த இவ்விருவரும் அத்துறையில் வேரூன்றியதாகத் தெரியவில்லை.

இனி 1926க்கு வருவோம். அவ்வாண்டு வெளிவந்த 'ஃபிஷ் ஷிஃரில் ஜாஹிலீ' (ஜாஹிலிய்யாக் கவிதை குறித்து) தாஹா ஹுசைனின் வகுப்பு விரிவுரைகளிலிருந்து பிறந்தது. ஜாஹிலிய்யாக் காலத்தது என நாம் ஓதும் கவிதைகளில் பெரும்பகுதி இஸ்லாத்திற்குப் பின் புனையப்பட்டது என்பது அதன் முடிவு. தென்னரபியரின் மொழி வேறாயிருக்க, கவிதைகளின் மொழி ஒன்றாயிருப்பது எப்படி என்று கேட்டார். குலப்பெருமை, அரசியல், கதைசொல்லிகள், ராவிகளின் பொய்மை ஆகியவற்றைக் காரணங்களாக அடுக்கினார். ஜாஹிலிய்யா வாழ்வை உள்ளவாறு காட்டும் கண்ணாடி கவிதையன்று, குர்ஆனே என்பதும் அவ்வாதத்தின் ஒரு பகுதி. அவரை எதிர்ப்போரும் ஆதரிப்போரும் இதை ஒருசேர மறந்துவிடுகின்றனர்.

முஅல்லகாத்தைப் பாடம் நடத்துகிற எவருக்கும் இது வெறும் இலக்கியப் பூசலாகத் தோன்றாது. குர்ஆனின் அரிய சொற்களுக்குப் பொருள் காண அரபிகளின் கவிதையை நாடும் வழக்கம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களோடு இணைத்துக் கூறப்படுவது. ஸீபவைஹியின் இலக்கணமும் ஸமக்ஷரீயின் தஃப்ஸீரும் கவிதைச் சான்றுகளைத் தூண்களாகக் கொண்டு நிற்பவை. அத்தூண்கள் பொய் என்றால் மேற்கட்டுமானம் என்னாகும்? இதற்கு மேலாக, இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) இருவரும் மக்காவுக்கு வந்த வரலாற்றை நிறுவ வேதக்கூற்று மட்டும் போதாது என்ற தொனியில் ஒரு பகுதியையும் அவர் சேர்த்திருந்தார். அவருடைய கவிதை வாதத்திற்கு அப்பகுதி தேவையே இல்லை. தேவையற்ற இடத்தில் எல்லைமீறி, தேவையான இடத்தில் சான்று குறைந்த நூல் அது என்றே சொல்லவேண்டும்.

அல்அஸ்ஹரிலிருந்தும் நாடாளுமன்றத்திலிருந்தும் புகார்கள் எழுந்தன. விசாரித்த அரசு வழக்குத் தொடுப்புத் துறைத் தலைவர் முஹம்மது நூர் 1927 மார்ச்சில் தம் முடிவை எழுதினார். அம்முடிவுரை படிக்கத்தக்க ஒரு திறனாய்வு. நூலின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சான்று போதாமையைச் சுட்டி, சமயத்தைத் தொடும் பகுதியைக் கண்டித்து, ஆயினும் ஆய்வு தேவைப்படுத்துவதாக நம்பியே ஆசிரியர் எழுதினார், குற்றநோக்கம் இல்லை என்று கூறி வழக்கை முடித்தார். அதே ஆண்டு தாஹா ஹுசைன் சர்ச்சைக்குரிய பகுதியை நீக்கி, வேறு பகுதிகளைச் சேர்த்து, தலைப்பையும் மாற்றி நூலை மீண்டும் வெளியிட்டார். வெளியிலிருந்து முஸ்தஃபா ஸாதிக் அர்ராஃபிஈ, ஷைகு முஹம்மது அல்கிழ்ர் ஹுசைன் முதலியோரின் மறுப்பு நூல்கள் வந்தன.

துறைக்குள்ளே நடந்தது இதனினும் கூர்மையானது. மஹ்மூத் முஹம்மது ஷாகிர் என்ற மாணவர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவில் பயின்றவர். விதிப்படி அரபித் துறையில் இடமில்லாத அவருக்காகப் பல்கலைக்கழகத் தலைவர் லுத்ஃபீ அஸ்ஸய்யிதிடம் பரிந்துபேசி இடம் பெற்றுத் தந்தவர் தாஹா ஹுசைனே. அம்மாணவர் வகுப்பில் அமர்ந்து கேட்டபோது, ஆசிரியர் சொல்வன ஆங்கிலேய அறிஞர் மார்கோலியூத் 1925இல் எழுதிய கட்டுரையை ஒத்திருப்பதைக் கண்டார். அக்கட்டுரையின் பெயரை ஆசிரியர் சொல்லவில்லை என்பதே அவரை வருத்தியது. முறையிட்டார், பயனில்லை. 1928இல் பட்டத்தைத் துறந்து ஹிஜாஸ் சென்றுவிட்டார். அவருடைய மறுப்பு கூச்சலாக முடியவில்லை. ஜாஹிலிய்யாக் கவிதையில் போலி கலந்ததை ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து, ஆது, ஸமூது கூட்டத்தாரின் பெயரில் கவிதைகளை ஏற்றிய இப்னு இஸ்ஹாக்கைக் கண்டித்தவர் இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ. தாஹா ஹுசைனும் அவரையே சான்றாக நாடியிருந்தார். அவருடைய 'தபகாத்' நூலைப் பிரதிகள் ஒப்பிட்டு 1952இல் பதிப்பித்தளித்தார் ஷாகிர். போலியைப் பிரித்தறியும் முறை நம் முன்னோரிடமே இருந்தது, அவர்கள் போலியை நீக்கியபின் எஞ்சியதை நம்பினர் என்பதை அப்பதிப்பின் துணைகொண்டு எவரும் காணலாம். துறை ஒரு சிறந்த மாணவரை இழந்தது. அவ்விழப்பிற்கு ஆசிரியரின் மௌனமே காரணம். எந்த அமைச்சரும் அல்லர்.

அமைச்சர்களின் முறையும் வந்தது. இஸ்மாயீல் ஸித்கீயின் ஆட்சியில், அரசுக்கு வேண்டியவர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கப் பீடத் தலைவர் தாஹா ஹுசைன் இணங்காததால், 1932 மார்ச்சில் அவர் பல்கலைக்கழகத்திலிருந்து அகற்றப்பட்டார். அதைக் கண்டித்து லுத்ஃபீ அஸ்ஸய்யித் பதவி விலகினார். 2003இல் எகிப்தியப் பேராசிரியர்கள் பல்கலைக்கழகத் தன்னாட்சிக்காகத் தொடங்கிய குழு, அவர் பதவி விலகிய 'மார்ச் 9' என்ற நாளையே பெயராகக் கொண்டது. தாஹா ஹுசைன் 1934இல் திரும்பினார். அவரிடம் பயின்றோருள், அப்பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதற்பெண்மணி ஸுஹைர் அல்கலமாவீயும் (ஆயிரத்தோர் இரவுகள் பற்றிய ஆய்வு, 1941), பின்னாளில் அரபி இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய ஷவ்கீ ழைஃபும் அடங்குவர்.

ஆயினும் அத்துறையின் ஆகப்பெரும் சாதனை எது என்று கேட்டால், 1956இல் நூலாக வந்த 'மஸாதிருஷ் ஷிஃரில் ஜாஹிலீ' (ஜாஹிலிய்யாக் கவிதையின் மூலாதாரங்கள்) என்பேன். எழுதியவர் நாஸிருத்தீன் அல்அஸத், அகபாவில் பிறந்த ஜோர்தானியர். அதே பல்கலைக்கழகத்தில் பட்டம், முதுகலை, டாக்டர் பட்டம் மூன்றும் பெற்றவர். ஜாஹிலிய்யாவில் எழுத்து அறியப்பட்டிருந்ததா, கவிதை எழுதிவைக்கப்பட்டதா, ராவிகள் யார், பஸ்ராவின் அறிவிப்புக்கும் கூஃபாவின் அறிவிப்புக்கும் வேறுபாடு என்ன, இன்று நம் கையிலுள்ள ஒவ்வொரு தீவானும் எவ்வழியே வந்தது என்று படிப்படியாக ஆராய்கிறது அது. மார்கோலியூத்தின் கருத்தும் தாஹா ஹுசைனின் கருத்தும் அவரவர் வாதத்தின் முழு வலுவோடு எடுத்துரைக்கப்பட்டு, அதன்பின்னரே அளக்கப்படுகின்றன. வசைச்சொல் இல்லை, எவருடைய ஈமானையும் அளக்கும் முயற்சியும் இல்லை. ஸனதை ஆராயும் ஹதீஸ் கலை வல்லுநரின் பொறுமை அந்நூலெங்கும் தெரிகிறது. கவிதையில் போலி உண்டு, ஆனால் முழுவதையும் புறந்தள்ளச் சான்றில்லை என்ற நிலைக்கு அரபி ஆய்வுலகம் பெரும்பாலும் வந்துசேர்ந்ததில் இதற்குப் பெரும்பங்குண்டு. தாஹா ஹுசைன் நிறுவிய துறையில், அவருடைய புகழ் உச்சத்திலிருந்த காலத்தில், அவர் கருத்தை மறுக்கும் ஆய்வு பட்டம் பெற்றது. 1926இன் கேள்வி இல்லையேல் 1956இன் விடை இத்தனை ஆழமாக எழுதப்பட்டிராது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அவருடைய எழுத்தில் கேள்விகள் நின்றன. விடைகள் பல நிற்கவில்லை.

முப்பதாண்டுகள் பொறுத்திருக்கும் அவகாசம் எல்லா நூல்களுக்கும் கிடைக்கவில்லை. அமீன் அல்கூலீயின் மேற்பார்வையில் முஹம்மது அஹ்மத் கலஃபுல்லாஹ் குர்ஆனின் வரலாற்றுக் கதைகளைக் கலைநோக்கில் ஆராய்ந்து 1947இல் அளித்த ஆய்வேடு, வெளியே எழுந்த கொந்தளிப்பிற்கிடையே நிராகரிக்கப்பட்டது. குர்ஆனியக் கதைகள் வரலாறாக அன்றிப் படிப்பினையாகக் கூறப்பட்டவை என்ற அவருடைய அணுகுமுறை அஹ்லுஸ் ஸுன்னத்தின் நிலைப்பாட்டோடு பொருந்தாது; மறுக்கத்தக்கதே. ஆனால் அவருக்கு ஓர் அல்அஸத் அப்போது வாய்க்கவில்லை. அல்கூலீ குர்ஆனிய ஆய்வுகளை மேற்பார்வையிடுவதினின்றும் தடுக்கப்பட்டார். இத்தனைக்கும் அவருடைய முறையைக் கொண்டே, எல்லை கடவாமல், 'அத்தஃப்ஸீருல் பயானீ'யை எழுதி முஸ்லிம் உலகின் மதிப்பைப் பெற்றவர் அவர் மாணவியும் மனைவியுமான பின்துஷ் ஷாதி.

அல்கூலீயின் வழியில் நடந்த நஸ்ர் ஹாமித் அபூஸைத் 1992இல் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தார். அவருடைய நூல்களில் வஹீ பற்றிய பேச்சு நம் உலமாக்கள் ஏற்காத எல்லைகளுக்குச் செல்வது. அதை நூலுக்கு நூல் வைத்து மறுப்பது அறிஞர்களின் கடமை. அரபித் துறை அவரை ஆதரித்தும் 1993இல் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. பின்பு வழக்கு எழுந்தது. 1995 மே இறுதியில் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. இரு வாரங்கழித்து, ஜூன் 14 அன்று, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை மதம் மாறியவரென அறிவித்து, அதே பீடத்தில் பிரெஞ்சு கற்பித்த மனைவியிடமிருந்து மணவிலக்கு ஆணையிட்டது. இருவரும் லைடன் சென்றனர். 2010இல் அவர் கெய்ரோவில் காலமானார். அவர் நூல்களுக்கு மறுப்புகள் பல எழுதப்பட்டுள்ளன. அல்அஸத்தின் நூலுக்கு இணையாக, அவருடைய துறையிலேயே பயின்ற ஒருவர் அவர் வாதங்களை முழு வலுவோடு எடுத்துரைத்து மறுத்த நூல் எதுவும் இக்கட்டுரையாளனின் கைக்கு இதுவரை எட்டவில்லை.